உத்திரத்து எறும்பு

எங்கள் ஊரில் கொட்ரப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் விதைக்கூடையைத் தொட மாட்டார்கள். அவர் ஜோசியர் இல்லை. பஞ்சாங்கம் படிக்கவும் தெரியாது. ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் கரிசல் நிலம், ஒரு ஜோடி எருது, வாய் நிறையப் பழமொழி. இவ்வளவுதான் அவருடைய சொத்து. எங்கள் பக்கத்தில் சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறதோ அதன் பெயரால்தான் மழையை அழைப்போம். ரோகிணி மழை, மக மழை, சித்திரை மழை என்று. ஒவ்வொரு மழைக்கும் கொட்ரப்பாவிடம் ஒரு சொல் இருந்தது. பரணி பெய்தால் தரணி விளையும். வந்தால் ஆதிரை, வராவிட்டால் தரித்திரை. வந்தால் மகம், போனால் புகை. சித்திரை குருடி, அவள் இறைத்த பக்கம்தான் விளைச்சல். "எப்படி இருக்கீங்க மாமா?" என்று யாராவது நலம் விசாரித்தால்கூட, "ஆயில்யம் மாதிரி இருக்கேன். இருட்டிக்கிட்டு வருது, பெய்ய மாட்டேங்குது" என்பார்.

அவருடைய மருமகள் நிம்பவ்வா. மலப்ரபா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவள் வந்த இரண்டாம் வருஷமே மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால் வீடும் அடுப்பும் அவள் தலையில் விழுந்தன. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கைச்சுத்தம் யாருக்கும் வராது. விதைக்கலப்பையின் பின்னால் நடந்துகொண்டே மரக்கிண்ணத்தில் விதையை விடுவது எங்கள் ஊரில் பெண்களின் வேலை. கிண்ணத்திலிருந்து மூங்கில் குழல்கள் வழியாக விதை மண்ணுக்குள் இறங்கும். விரல் இறுகினால் சாலில் ஓட்டை விழும். தளர்ந்தால் பயிர் கொத்துக்கொத்தாக முளைக்கும். நிம்பவ்வா விட்ட சோளம் நூல் பிடித்து நட்ட மாதிரி வரும். "என் மருமக விரல்ல தராசு இருக்கு" என்பார் கொட்ரப்பா, அவள் காதில் விழாத தூரத்தில் இருக்கும்போது.

அந்தக் கைதான் ஒரு வருஷம் அவளுக்கு வினையாகிவிட்டது. பாசிப்பயறு பறித்து முடித்து, நிலத்தைக் கீறிப்போட்டு, சோளம் விதைக்க உத்திர மழையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். உத்திரம் பிறந்ததும் நல்ல மழை. நிலம் பதத்துக்கு வந்துவிட்டது, வியாழக்கிழமை விதைப்பு என்று கொட்ரப்பா சொல்லிவிட்டார். அதே வியாழக்கிழமை நிம்பவ்வாவின் தங்கை சிவலீலாவுக்கு வளைகாப்பு. சிவலீலாவுக்கு அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவைதான் ஏழாம் மாசம் வரை வந்திருந்தாள். அக்கா வந்து கையில் பச்சை வளையல் போட்டுவிடாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நிம்பவ்வா ரொட்டி தட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள். மாமனாரும் கணவன் ஈரண்ணாவும் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, வியாழக்கிழமை நான் ஊருக்குப் போகணும்."

"வியாழக்கிழமை விதைப்பு."

"சனிக்கிழமை வச்சுக்கலாமே."

"உத்திரம் உழவனுக்கு உத்தரவு" என்றார் கொட்ரப்பா. ரொட்டியை மடித்து எள்ளுப்பொடியைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். அவர் பழமொழி சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"பக்கத்து வீட்டு ஃபக்கீரவ்வாவைக் கூப்பிட்டுக்குங்க. அவளும்தான் வெதை விடுறா."

"அவ விட்டா சோளம் வராது தாயீ, தோரணம்தான் வரும். ஒரு எடத்துல கொத்து, ஒரு எடத்துல ஓட்டை."

நிம்பவ்வா ஈரண்ணாவைப் பார்த்தாள். ஈரண்ணா தட்டைப் பார்த்தான். அப்பாவுக்கு முன்னால் அவன் எப்போதுமே தட்டைப் பார்க்கிற ஆள்.

அழுதால் நடக்காது, சண்டை போட்டாலும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்போது அடுப்புக்குப் பின்னால் சுவரில் எறும்புச்சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் வாயில் வெள்ளையாக முட்டையைக் கவ்விக்கொண்டு போனது. அவள் கையிலிருந்த ரொட்டியைத் தவாவில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அதென்னமோ மாமா. எங்க ஊர்ப்பக்கம் வேற மாதிரி சொல்லுவாங்க."

"என்னன்னு?"

"உத்திரத்துல எறும்பு முட்டை எடுத்தா, உழவா, கூடை எடுக்காதேன்னு."

கொட்ரப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னாள். முதல் தடவை வந்த மாதிரியே இரண்டாம் தடவையும் வாயில் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். கொட்ரப்பா அதை உதட்டுக்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். புது மாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். அப்புறம் எழுந்து வந்து, எச்சில் கையோடு குனிந்து, சுவரில் போகும் எறும்புகளை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல இதை நான் கேட்டதில்லையே" என்றார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி அதிகம். அவங்களுக்குத் தெரியும்."

விதைப்பு தள்ளிப்போனது. நிம்பவ்வா புதன்கிழமையே பஸ் ஏறிவிட்டாள்.

கொட்ரப்பா அந்தச் சொல்லைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று சாயங்காலமே அனுமார் கோயில் முன்னால் இருக்கும் கல்மேடையில், நாங்கள் கட்டை என்போம், உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னார். பாதிப்பேர் தலையாட்டிக் கூடையை உள்ளே வைத்தார்கள். மௌலாசாப் மட்டும் சிரித்தான். அவன் நிலம் கொட்ரப்பா நிலத்தை ஒட்டி இருந்தது. இரண்டு குடும்பமும் கலப்பையும் கயிறும் மாற்றிக்கொள்கிற பழக்கம்.

"கொட்ரப்பண்ணா, எறும்பு முட்டை எடுக்காத நாள் எது? எங்க வீட்டுச் சக்கரை டப்பாவுல தெனமும்தான் எடுக்குது. அதைப் பார்த்து வெதைச்சா நான் வெல்லம்தான் வெதைக்கணும்."

வியாழக்கிழமை காலையில் மௌலாசாப்பும் இன்னும் சிலரும் விதைத்தார்கள். மதியத்துக்குமேல் கிழக்கே கறுத்தது. சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. ஏரி உடைப்பெடுக்கும் போலிருந்தது. கரிசல் மண்ணில் தண்ணீர் நின்றால் வடியாது. விதைத்தவர்களின் நிலமெல்லாம் குழம்பாகி, விதை உள்ளேயே அழுகிப்போனது. ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுவிட்டதால் நிம்பவ்வா தங்கையோடு கூடுதலாகவே தங்கிவிட்டு வந்தாள். அவள் வந்து இறங்கியபோது கொட்ரப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் மருமகளை வாசலில் நின்று வரவேற்றது அதுதான் முதல் தடவை.

"வா தாயீ! ஊரையே காப்பாத்திட்ட!"

நிலம் காய்ந்து பதத்துக்கு வந்ததும் அவள் கையாலேயே சோளம் விதைத்தார்கள். நன்றாக விளைந்தது. மௌலாசாப் மறுபடி விதை தேடி அலைந்து, காலம் தப்பி விதைத்து, பாதிதான் எடுத்தான்.

ஈரண்ணா ஒருநாள் தனியாக இருக்கும்போது கேட்டான்.

"ஏ நிம்பி, உங்க ஊர்ல நெசமாவே அப்படிச் சொல்லுவாங்களா?"

"ஏன், நான் எங்க ஊர்க்காரி இல்லையா? நான் சொன்னேன்ல?" என்றாள். ஈரண்ணா சிரித்தான். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்தது. ரோண் சந்தையில் எருது வாங்க வந்தவர்கள் அதைச் சொன்னார்கள். பக்கத்து ஊர் நாவிதர் முகம் மழிக்கும்போது சொன்னார். சிலர் "கறுப்பு எறும்பு" என்றார்கள், சிலர் "கிழக்கே போகிற எறும்பு" என்று சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் வானொலியில், விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில், கணீரென்ற குரலில் ஒருவர் "நம் முன்னோர்கள் அனுபவத்தில் கண்டு சொன்னது" என்று ஆரம்பித்து அதைச் சொன்னார். நிம்பவ்வா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்னோர் என்று தன்னை ஒருவர் சொல்லிக் கேட்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சிவலீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து தொட்டிலில் போட்டார்கள். நிம்பவ்வா போயிருந்தாள். பந்தலில் பெண்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா சொன்னாள்:

"உத்திரத்துல எறும்பு முட்டை எடுத்தா, உழவா, கூடை எடுக்காதேம்பாங்க எங்க மாமியார். வாயைத் தொறந்தா இதேதான்."

நிம்பவ்வா அம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அது நான் கட்டினது. இவ வளைகாப்புக்கு வர்றதுக்காக, ரொட்டி தட்டிக்கிட்டே கட்டினேன்."

"போடி! உங்க பாட்டி சொல்லி நான் கேட்டிருக்கேன்."

"எப்பக் கேட்ட?"

"எப்பவும்தான்!" என்றாள் அம்மா. முகத்தில் பொய்யே இல்லை. "நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது கேட்டிருப்பே. அது வாய்ல வந்திருக்கு. நீ கட்டினியாம்! பெரிய பண்டிதை!"

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். பாட்டி சொல்லித்தான் கேட்டோமோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றிவிட்டது.

மழை ஏமாற்றிய வருஷம் ஒன்று வந்தது. ரோகிணி வரவில்லை. ஆதிரை தூறிவிட்டுப் போனது. பாசிப்பயறு சாண் உயரத்திலேயே கருகியது. எல்லோருக்கும் இனி சோளம்தான் கதி. மனிதனுக்கு ரொட்டி, மாட்டுக்குத் தட்டை இரண்டும் அதில்தான். உத்திரம் பிறந்து ஒரே ஒரு மழை பெய்தது. ஆனால் நல்ல மழை, மண்ணுக்குள் முழங்கை ஆழம் இறங்கிய மழை. மறுநாளே வானம் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. மேற்கேயிருந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கியது.

ஊரே வயலுக்குப் போய் எறும்பைத் தேடியது. எறும்பு இல்லாமலா போகும்? வரப்பில், வேப்பமரத்தடியில், கோயில் சுவரில், எங்கே பார்த்தாலும் வாயில் முட்டையோடு போய்க்கொண்டிருந்தது.

"பொறுங்க" என்றார் கொட்ரப்பா கோயில் கட்டையில். "பெருமழை ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்கு அப்புறம் வெதைக்கலாம்."

இந்தத் தடவை முதல் ஆளாகத் தலையாட்டியவன் மௌலாசாப். "நான் ஒருதடவை கேக்காம கெட்டேன். இன்னொரு தடவை கெட மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். விதைக்கலாமா என்று யாராவது இழுத்தால் அவர்களைத் தன் வயலுக்கே கூட்டிக்கொண்டு போய் எறும்பைக் காட்டினான். நாங்களும் விதைக்கவில்லை. எங்கள் நிலம் அவர்களுக்குத் தெற்கே இருந்தது.

நிம்பவ்வா தினமும் காலையில் வயலுக்குப் போய் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். முதலில் ஈரம் மேலேயே இருந்தது. பிறகு ஒரு விரல் கீழே போனது. பிறகு இரண்டு விரல். மேல்மண் வெளுத்து, மெல்லிசாக வெடிப்பு விடத் தொடங்கியது. அன்று வீட்டுக்கு வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் மாமனார் முன்னால் போய் நின்றாள். கொட்ரப்பா எருதுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னைக்கே வெதைக்கணும். இன்னும் போனா வெதை முளைக்காது."

"எறும்பு எடுத்துக்கிட்டு இருக்கே தாயீ."

"அது எப்பவும் எடுக்கும். அந்தப் பழமொழி பொய். எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்லை. சிவலீலா வளைகாப்புக்கு நீங்க விட மாட்டேன்னீங்க, நானா கட்டிச் சொன்னேன்."

கொட்ரப்பா வாளியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"அப்ப அந்த மழை எப்படி வந்துச்சு?"

"வந்துச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் இல்லை." அவர் குரல் நிதானமாக இருந்தது. "நீ கட்டினதா நெனைச்சுக்கிட்டிருக்கே. உன் வாய்ல அது வந்துச்சு தாயீ. எல்லாப் பழமொழியும் மொதல்ல யாரோ ஒருத்தி வாய்ல வந்ததுதானே?"

"அந்த ஒருத்திக்கும் அன்னைக்குத் தங்கச்சி வளைகாப்பு இருந்திருக்கும் மாமா."

கொட்ரப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எருதின் முதுகைத் தடவினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சரி, பொய்யின்னே வச்சுக்குவோம். ஊரையே நிறுத்தி வச்சிருக்கேன். இப்ப என் வயல்ல நானே கலப்பையை இறக்கினா என்ன சொல்லுவாங்க? எங்களைப் பட்டினி போட்டுட்டு கொட்ரப்பா மட்டும் வெதைச்சுக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அப்ப அவங்களையும் வெதைக்கச் சொல்லுங்க."

"அப்புறம் மழை கொட்டிச்சுன்னா?"

மழை வராது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் விரல் நுனியில் இருந்த மண் காய்ந்திருந்தது. அதைத் தேய்த்துக் காட்டினாள். பொடியாக உதிர்ந்தது.

"நான் வெதைக்கிறேன். எருதைக் குடுங்க."

"கலப்பை பிடிக்கிறது உன் புருஷன். அவனைக் கேளு."

ஈரண்ணா கொட்டகை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை பார்ப்பதற்குத் தட்டு இல்லை. அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் விதைக்கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"அப்பா, இவ பொய் சொன்னப்ப எல்லாரும் நம்பினோம். நெசம் சொல்றப்ப நான் ஒருத்தனாவது நம்ப வேண்டாமா?" என்றான். கொட்ரப்பா எருதுகளை அவிழ்த்து அவன் பக்கம் ஓட்டிவிட்டு, தான் வீட்டுக்குள் போய்விட்டார்.

அவர்கள் ஏர் பூட்டியதைக் கண்டதும் ஊர் வரப்பில் கூடிவிட்டது. நானும் போய் நின்றேன். மௌலாசாப் ஓடி வந்தான்.

"தங்கச்சி, வேண்டாம். சொல்றதைக் கேளு. நான் பட்டவன்."

"அண்ணா, நீங்களும் வெதைங்க. அது நான் கட்டினது. மாமாகிட்டயும் சொல்லிட்டேன். யாரு பெத்த பழமொழியும் இல்லை, நான் பெத்தது."

வரப்பில் சிரிப்பு எழுந்தது. "பழமொழியை யாராவது பெத்துக்க முடியுமா?" என்றாள் ஒருத்தி. "வானொலியில சொன்னாங்களே, அவங்க என்ன உன்னைக் கேட்டா சொன்னாங்க?" என்றான் இன்னொருத்தன். மௌலாசாப் சிரிக்கவில்லை. "நல்ல குடும்பத்துக்கு ஏன் இப்படிப் புத்தி போகுது?" என்று முணுமுணுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

நிம்பவ்வா கிண்ணத்தில் விதை விட ஆரம்பித்தாள். முதல் சாலில் விதை கொத்தும் ஓட்டையுமாக விழுந்தது. பிறகு விரல் பழைய பழக்கத்துக்கு வந்தது. கால் நடந்தது, விதை விழுந்தது. ஆனால் கண் மட்டும் கிழக்கே போய்ப்போய் வந்தது. அவள் பின்னாளில் என் மனைவியிடம் சொன்னது இது: "காலடியில எறும்பைப் பார்த்தப்ப எல்லாம் கண்ணைத் திருப்பிக்கிட்டேன் அக்கா. நானே கட்டினதுன்னு தெரியும். இருந்தாலும் பயந்தேன்."

மதியம் உண்மையாகவே கறுத்தது. கிழக்கே மேகம் திரண்டு மின்னியது. வரப்பில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வந்திருச்சு பாரு!" என்றான் ஒருவன், சந்தோஷமா வருத்தமா என்று சொல்ல முடியாத குரலில். ஈரண்ணா எருதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நிம்பவ்வாவின் முகம் வெளுத்திருந்தது.

"ஓட்டுங்க" என்றாள்.

நாலு பெரிய துளி விழுந்தது. புழுதி மணத்தது. அவ்வளவுதான். மேகம் வடக்கே நகர்ந்து, எங்கேயோ தூரத்தில் யாருடைய நிலத்திலோ இறங்கியது. பொழுது சாய்வதற்குள் அவர்கள் விதைத்து முடித்தார்கள்.

அதற்குப் பிறகு அஸ்தத்திலும் மழை இல்லை, சித்திரையிலும் இல்லை. நிம்பவ்வாவின் சோளம் வரிசை பிடித்து முளைத்ததைப் பார்த்தபிறகு ஊரில் ஒவ்வொருவராக அவசரம் அவசரமாக விதைத்தார்கள். நாங்களும்தான். மண்ணில் ஈரம் அதற்குள் ஆழத்துக்குப் போய்விட்டிருந்தது. சில இடத்தில் முளைத்தது, பல இடத்தில் இல்லை. மௌலாசாப் எல்லோருக்கும் கடைசியாக விதைத்தான். அவன் நிலத்தில் அங்கங்கே வந்த பயிரும் கதிர் விடாமல் வாடிப்போய், மாட்டுக்கு அறுத்துப்போடத்தான் ஆயிற்று. நிம்பவ்வாவின் வயலில் பனியைக் குடித்தே கதிர் பிடித்தது. பெரிய விளைச்சல் இல்லை. வீட்டுக்கு ரொட்டிக்குப் போதும், எருதுக்குத் தட்டை போதும், மேலே கொஞ்சம்.

அதற்காக அவளை யாரும் புகழவில்லை. "அவளுக்கு வேற ஏதோ பழமொழி தெரியும், சொல்லாம மறைச்சு வச்சிருக்கா" என்றுதான் ஊர் பேசியது. கதிர் அறுப்பு முடிந்த ஒருநாள் அவள் ஏரியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது மௌலாசாப் எருதைக் குளிப்பாட்ட வந்தான். நலம் விசாரித்தான். பிறகு, கோபமும் இல்லாமல் கேலியும் இல்லாமல் சொன்னான்:

"தங்கச்சி, உன் எறும்பு என்னை ரெண்டு தடவை கெடுத்திருச்சு. மொதல் தடவை கேக்கலைன்னு கெடுத்துச்சு. இந்தத் தடவை கேட்டேன்னு கெடுத்துச்சு."

நிம்பவ்வா குடத்தை இடுப்பில் வைக்காமல் அப்படியே நின்றாள். அதற்கு என்ன சொன்னாலும் அது வெறும் சொல்லாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அவளுக்கு அப்போது சொல்லின் மேலேயே வெறுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஈரண்ணாவிடம் பேசினாள். அன்றைக்கே தங்கள் தட்டைப்போரிலிருந்து வண்டி நிறையச் சோளத்தட்டை மௌலாசாப்பின் தொழுவத்துக்குப் போனது. அவன் மனைவி மாபூபி வேண்டாம் என்று தடுத்தாள். "உங்களுக்கு இல்லை, எருதுக்கு" என்று சொல்லி ஈரண்ணா இறக்கிப்போட்டுவிட்டு வந்தான்.

கொட்ரப்பா நெடுநாள் கோயில் கட்டைக்குப் போகவில்லை. போனபோது எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், அது தன் மருமகள் விளையாட்டாகக் கட்டியது, இனி யாரும் அதை நம்பி நிற்க வேண்டாம் என்று. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுந்து போனபின், "வயசாயிருச்சு. மருமக சொல்றதைத்தான் கேக்க வேண்டியிருக்கு, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பழமொழி இன்னும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் வந்து கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த வருஷம் உத்திர மழை பெய்து நிலம் பதத்துக்கு வந்ததும் நிம்பவ்வா தன் வயலுக்குப் போகவில்லை. விதைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக மௌலாசாப்பின் வயலுக்குப் போனாள். அவர்கள் வீட்டில் விதை விடுகிற மாபூபிக்கு அப்போது கையில் சுளுக்கு. மௌலாசாப் கலப்பையின் பக்கத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம் தயங்கி, கேட்டான்.

"இன்னைக்கு வெதைக்கலாமா தங்கச்சி? உங்க ஊர்ல ஏதாவது சொல்லுவாங்களா?"

"எங்க ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அண்ணா. நீங்க குனிஞ்சு மண்ணைப் பாருங்க."

அவன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டினான். உருண்டை பிடித்தது. பிஸ்மில்லா சொல்லி எருதைத் தட்டினான். வரப்போரம் உட்கார்ந்திருந்த கொட்ரப்பா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சால் கோணுது மௌலா, வலது எருதை இழுத்துப் பிடி" என்றார்.

வெயில் ஏறியதும் மாபூபி ரொட்டியும் கத்தரிக்காய்க் கூட்டும் தயிரும் கொண்டுவந்தாள். எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டார்கள். பிறகு மிச்சச் சால்களையும் முடித்தார்கள். மறுநாள் கொட்ரப்பா நிலம், அதற்கு அடுத்து எங்களுடையது. அந்த வருஷம் சோளம் எல்லோருக்கும் சுமாராக விளைந்தது.